பத்து மணிக்கு மின்சாரம் நிற்கும்

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம். கீழ்வீட்டு ராஜம் மாமி அதில் கையெழுத்துப் போட்டார். மின்சாரக் கம்பெனிக்கான புகார் அது: லைன்மேன் ஹரிஷங்கர் முன்கூட்டிச் சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தினார், ஆக்சிஜன் மெஷின் நின்று மாமியின் கணவர் வீரராகவன் இறந்தார், ஹரிஷங்கரை வேலையிலிருந்து நீக்க வேண்டும்.

வியாழக்கிழமை விசாரணை.

2

தமிழில் இப்படித் தொடங்கினேன்: 'லேக் கார்டன்ஸில் எங்கள் சந்துக்குக் கம்பெனி என்றால் ஹரிஷங்கர்தான். பூஜைப் பந்தலுக்கு விளக்கு இழுப்பார், அங்கேயே உட்கார்ந்து பிரசாதக் கிச்சுடியும் சாப்பிடுவார்...'

(அழகாக இருக்கிறது. அழகாக எழுதும்போதெல்லாம் நான் எதையோ தள்ளிப்போடுகிறேன்.)

மீண்டும்: மின்சாரத்தை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அனுப்பும் குறுஞ்செய்தி வீரராகவனின் பழைய எண்ணுக்குப் போகும். யாரும் பார்ப்பதில்லை. அதனால் முந்தைய நாளே ஹரிஷங்கர் போன் செய்துவிடுவார். எந்த விதியிலும் இல்லாத வழக்கம். மாமிக்கு வங்காள மொழி வராது. ஆகவே அவர் போன் செய்வது

3

அந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா சிலிண்டர் வரவழைச்சிருப்பேனே" என்று மாமி சொன்னார். நான் தலையாட்டினேன்.

4

எனக்கு.

நாளை பத்து மணிக்கு நிறுத்துகிறோம், மாஷிமாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். (மாமியை அவர் அப்படித்தான் அழைப்பார்.) சரி என்றேன். கையில் புத்தகம் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் காலை ஏரிப் பக்கம் நடக்கப் போனேன். திரும்பியபோது சந்தில் கூட்டம்.

5

பதின்மூன்றாம் நாள் ஹரிஷங்கர் வந்தார். மாமி கதவைத் திறக்கவில்லை. மாடிப்படியில் என்னிடம், சொன்னீர்களா என்று மெதுவாகக் கேட்டார். நான் படியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

பிறகு: "மாஷிமாவுக்குப் பேச்சுத்துணைக்கு இங்கே நீங்க ஒருத்தர்தான். நான் விசாரணையில வாயைத் திறக்க மாட்டேன். என்ன, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஹவுராவுக்கு மாத்துவாங்க. தினம் படகுல போவேன், நல்லா காத்து வரும்."

கடிதத்தில் கேட்டது இடமாற்றம் அல்ல என்று அவருக்குத் தெரியாது. அதை எழுதியது யார் என்றும்.

6

முடிவு அ: ஹரிஷங்கரின் வேலை போகிறது, மேல்வீட்டுக்காரன் தொடர்ந்து மாமியின் மருந்துச் சீட்டுகளைப் படித்துச் சொல்கிறான். (இப்போது நடந்துகொண்டிருப்பது.)

முடிவு ஆ: அவன் மாமிக்குத் தெரியாமல் கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிட்டு (வேண்டாம். இதுவும் ஒளிவதுதான்.)

7

மாமி, இவ்வளவு நேரம் உங்களை யாரோ போல எழுதியதற்கு மன்னியுங்கள். என்னைத் தவிர இந்தச் சந்தில் தமிழ் படிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான்.

நாளை விசாரணையில் இதைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்களை அழைத்துப்போக வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒன்பதரைக்கு வாசலில் நிற்பேன். நீங்கள் என்னோடு வருவீர்களா என்பதை என்னால் எழுத முடியாது.