அகிலாண்டம் வருந்தவில்லை

மாட்டுங்காவில் அவள் ஏறிய ரயில் பரேலில் நின்றது. நின்றது நின்றதுதான். பெட்டியிலிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியில் அகிலாண்டமும் குடையை இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

நாற்பத்தாறாம் வருஷம் பிப்ரவரி மாதம். கடற்படைப் பையன்கள் வெள்ளைக்கார அதிகாரிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய, அவர்களுக்காகப் பம்பாயே கடையடைத்திருந்தது. அன்று வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றுதான் அகிலாண்டம் சொல்லிப் பார்த்தாள். அவள் அப்பா வேங்கடசுப்ரமணியன் கேட்கவில்லை. ரயில்வே கணக்கு ஆபீஸில் முப்பது வருஷம் ஒருநாள் தவறாமல் போய்வந்து ரிடையர் ஆனவர். ஹர்த்தால் செய்கிறவனுக்கு ஹர்த்தால், சம்பளம் வாங்குகிறவனுக்கு ஆபீஸ் என்று சொல்லி அனுப்பி வைத்தார். பாலார்ட் எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவள் டைப்பிஸ்ட். வேலை வாங்கிக் கொடுத்தவர் அப்பாவின் பழைய சிநேகிதர் பஞ்சு. அங்கே ஹெட் கிளார்க். அவர் பேர் கெட்டுவிடக்கூடாது என்பது அப்பாவின் கவலை.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்து நாலடி நடப்பதற்குள் சுடும் சத்தம் கேட்டது. பட்டாசு என்றுதான் முதலில் நினைத்தாள். ஜனங்கள் ஓடிய திசையில் அவளும் ஓடி மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு சாலின் வாசலுக்குள் ஒதுங்கினாள். அங்கே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, தன் தொடையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் மராத்தியில் ஏதேதோ சொல்ல, அவள் தமிழில் அழுதுகொண்டிருந்தாள்.

அவள் பெயர் பேராச்சி. தாராவிக்காரி. புருஷன் அங்கே தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்க்க, இவள் பரேலில் ஒரு மில்லில் நூல் சுற்றப் போகிறவள். மில் மூடிக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பிவந்தவள் மீதுதான் பட்டாளத்தின் குண்டு பட்டது. அகிலாண்டம் தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். யாரோ ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் பேராச்சியைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிப்போகையில், அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"நீங்க போங்கம்மா. ஒங்க வீட்டுல தேடுவாவ" என்றாள் பேராச்சி. ஆனால் பிடித்த கையை விடவில்லை.

"நான் இருக்கேன்" என்றாள் அகிலாண்டம்.

சாயங்காலம் வரை இருந்தாள். மறுநாளும் ஆபீஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ரயில் ஓடாததால் தாதர் வழியாக நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு நிரம்பி வழிந்தது. நர்ஸுகளுக்குப் பேராச்சி பேசுவது புரியவில்லை. பேராச்சிக்கு அவர்கள் காலை எடுத்துவிடப் போகிறார்களோ என்ற பயம். எடுக்கப் போவதில்லை, குண்டைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று அகிலாண்டம் கேட்டுச் சொன்ன பிறகுதான் கத்திக்குச் சம்மதித்தாள். ஊரடங்கால் தாராவியிலிருந்து புருஷன் வந்து சேரவே அன்று பொழுது சாய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆபீஸில் பஞ்சு ஒரு காகிதத்தை நீட்டினார். அந்த இரண்டு நாளும் வராதவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய வாசகம். கம்பெனி மானேஜர் கார்ல்டன் துரை தன் கைப்பட எழுதியது. ஆளுக்கொன்றாக டைப் அடிக்க வேண்டிய வேலை அகிலாண்டத்துக்கே வந்தது. வாசகம் இரண்டே வரி. ஐ வாஸ் ஆப்ஸென்ட் ஃப்ரம் டியூட்டி வித்தவுட் காஸ். ஐ ஆம் ஸாரி ஃபார் மை காண்டக்ட். காரணமின்றி வேலைக்கு வராமலிருந்தேன். என் நடத்தைக்கு வருந்துகிறேன்.

பேர்களை மட்டும் மாற்றி மாற்றி அடித்தாள். முதல் சில பிரதிகளை விரல்கள்தான் அடித்தன, அவள் படிக்கவில்லை. பிறகு படிக்க ஆரம்பித்தாள். படித்தபின் அந்த இரண்டாவது வரியில் விரல் தயங்கிற்று.

ஐ-க்கு ஆம், ஹீ-க்கு இஸ், நேற்றென்றால் வாஸ் என்று அவளுக்கு ஐந்து வயதிலேயே உருப்போட வைத்தவர் அப்பா. இங்கிலீஷ்காரனும் நாம் சொல்வதைப்போல ஆமாம் என்றுதான் சொல்கிறான் என்று அப்போது நினைத்திருந்தாள். வாஸ் என்பதில் அவளுக்குச் சண்டையில்லை. வராமலிருந்தது வாஸ்தவம். அது போன சனிக்கிழமையோடு முடிந்துபோனது. யார் வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஆம் என்பது இந்த நிமிஷம். தமிழில் எனக்கு வருத்தம் என்று சொன்னால், பசி மாதிரி, ஜுரம் மாதிரி அது வரும், போகும். ஆள் தனி, வருத்தம் தனி. இங்கிலீஷில் அப்படித் தள்ளி நிற்க இடமில்லை. நானே அதுவாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எதற்காக? பேராச்சியின் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததற்காகவா?

எல்லோருடையதையும் அடித்து முடித்தாள். தன் பேருக்கு உரியதை மட்டும் வேறு விதமாக அடித்தாள். வேலைக்கு வராமலிருந்தேன். பரேலில், குண்டடிபட்ட ஒரு பெண்ணோடு இருந்தேன். வருந்தவில்லை. இங்கிலீஷில் அது இன்னும் சுருக்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கட்டின் அடியில் வைத்தாள்.

மற்றவர்கள் வரிசையாக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். தபால் பகுதியில் வேலை பார்த்த முகம்மது ஹனீப் தென்காசிப் பக்கத்துக்காரர். நாலு பெண் குழந்தைகள். கடற்படைப் பையன்களுக்கென்று வீட்டிலிருந்த ரொட்டியையெல்லாம் துணியில் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனவர் அவர். அடியில் இருந்த அகிலாண்டத்தின் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என் கையெழுத்து ஸாரி சொல்லட்டும்மா. நான் சொல்லலை" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போட்டார். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

பஞ்சுவுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். தலைபோகிற விஷயம் ஒன்றுமில்லை, துரைக்குப் பைலில் வைக்க ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான் என்றார். மனசுக்குள் என்ன இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார்.

"ஒரே ஒரு வார்த்தை, அகிலா. அந்த 'நாட்'டுங்கிறதை எடுத்துட்டா ஆயாச்சு. கேட்டியோ?"

"எடுத்துட்டா பொய்யாயிடும், மாமா."

"அப்போ ஐ வாஸ் ஸாரின்னு போட்டுடு. அன்னிக்கு வருத்தப்பட்டேன், இன்னிக்கு இல்லேன்னு அர்த்தம். துரை அத்தனை உத்துப் பார்க்க மாட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்கும் இல்லை, மாமா" என்றாள்.

கார்ல்டன் துரை உத்துத்தான் பார்த்தார். அவளைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. உட்காரச் சொன்னார். கருணையாகவே பேசினார். இளம் பெண், ஆபத்தில் மாட்டிக்கொண்டாய், உன்மீது குற்றமில்லை. ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. ஒருத்திக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். என்மீது குற்றமில்லை என்றால் நான் எதற்கு வருந்த வேண்டும் என்று அவள் கேட்டாள். துரையின் காது சிவந்தது. நாளை மறுநாள் காலைக்குள் வாசகத்தில் கையெழுத்து வரவேண்டும், அதுவரை ஆபீஸுக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று இரவு வீட்டில் ரகளை. பஞ்சு முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பறையடிக்காத குறையாக அப்பா கத்தினார். செம்பூரில் ஒரு வரன் திகைந்து வந்துகொண்டிருந்தது; பெண் ஆபீஸில் தகராறு செய்து விலக்கப்பட்டாள் என்றால் யார் எடுப்பார்கள்? யாரோ மில்லுக்குப் போகிறவளைத் தொட்டுத் தூக்கினாய் என்று தெரிந்தால்? அகிலாண்டம் தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள். அம்மா அபயாம்பாள் அவளுக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். புடவையில் இருப்பது என்ன கறை என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்தான். தானே அதை ஊறவைத்துத் தோய்த்து, கிழிந்த தலைப்பை மடித்துத் தைத்து வைத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் பஞ்சு சிரித்த முகத்தோடு வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்கு வேலைக்கு வந்துவிடு என்றார். எப்படி என்று அவள் கேட்டாள். அப்பா காலையிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பழுத்த இலக்கணத்தில், ஒரு பக்கத்துக்கு. துரைக்கு ரொம்பத் திருப்தி.

அகிலாண்டம் அப்பாவைப் பார்த்தாள். "என்னன்னு எழுதினேள்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மை டாட்டர் இஸ் ஸாரின்னு எழுதினேன். நீ எழுத வேண்டாமோல்லியோ? நான் எழுதிட்டேன். விட்டுடு."

"அது எங்கிட்ட இருக்க வேண்டிய வருத்தம், அப்பா. இருக்கா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

அடுத்த நாள் காலையில் அவள் வழக்கம்போலக் குளித்து, அந்தத் தைத்த புடவையையே உடுத்திக்கொண்டு கிளம்பினாள். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அப்பா வாசல்வரை வந்து நின்றார். ஆபீஸில் அவள் தன் மெஷின் பக்கமே போகவில்லை. நேரே துரையின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே இரண்டு கணக்குப்பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பஞ்சு பின்னாலேயே ஓடிவந்தார்.

குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். ஐயா, என் தகப்பனார் கடிதம் எழுதியிருக்கிறார், அது அவருடைய வருத்தம் என்றாள். பிறகு இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக: "மை ஃபாதர் இஸ் ஸாரி. ஐ ஆம் நாட்."

துரை பேனாவை மூடி வைத்தார். பிறகு பஞ்சுவைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு நற்சான்று எதுவும் கொடுக்க வேண்டாம் என்றார். அவ்வளவோடு முடிந்தது. ஹனீப் படிவரை வந்து குடையை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. அழுகை வரும் என்று நினைத்தாள்; பசிதான் வந்தது. ஒரு இரானி ஹோட்டலுக்குள் தனியாக நுழைந்து, எல்லா மேஜைகளிலிருந்தும் ஆண்கள் திரும்பிப் பார்க்க, சாயாவும் வெண்ணெய் தடவிய மஸ்கா பன்னும் வாங்கிச் சாப்பிட்டாள். இன்னொரு பன்னும் வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் லேசாக இருக்கவில்லை. செம்பூர் வரன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. நற்சான்று இல்லாத பெண்ணை எந்த வெள்ளைக்காரக் கம்பெனியும் எடுக்கவில்லை. பேராச்சி பிழைத்துக்கொண்டாள், கால் மட்டும் இழுத்துக்கொண்டது. மில்லில் அவள் பேரை எடுத்துவிட்டார்கள். அகிலாண்டம் தாராவிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள், போய்வந்ததை வீட்டில் சொல்லவும் சொன்னாள். மழைக்காலம் தொடங்கிய பிறகு கால்பாதேவியில் ஒரு குஜராத்தி வக்கீலிடம் வேலை கிடைத்தது. முந்தைய இடத்திலிருந்து ஏன் நின்றாய் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நடந்தது முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டுவிட்டு, நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பாய் என்றார். சம்பளம் முன்னதைவிடக் குறைவு.

அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார். அம்மா, "அவ இங்கதானே இருக்கா, அவகிட்டயே சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் காரியத்தைப் பார்ப்பாள். சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோகும்.

தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சு வந்தார். ஆபீஸ் கதையெல்லாம் பேசினார். புது டைப்பிஸ்ட் ஒரு வரிக்கு ஒரு பிழை விடுகிறானாம். பேச்சுவாக்கில், அகிலா மட்டும் அந்த ஒரு வார்த்தையை முழுங்கியிருந்தால் இன்று எப்படி இருந்திருப்பாள், பெண்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது நம் தப்புதான் என்றார்.

அடுக்களையில் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்த அகிலாண்டத்தின் கை நின்றது.

"அவ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லை, பஞ்சு" என்றார் அப்பா. "நான் எழுதினதுதான் தப்பு."

அவள் காபியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஞ்சுவுக்கு ஒரு டம்ளரை வைத்தாள். அப்பாவுடையதை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதை எங்கிட்ட சொல்லுங்கோ, அப்பா."

வேங்கடசுப்ரமணியன் ஜன்னலைப் பார்த்தார், பஞ்சுவைப் பார்த்தார். அடுக்களை வாசலில் அபயாம்பாள் வந்து நின்றதையும் பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அகிலாண்டம் நகரவில்லை.