மேனேஜருக்கு ஓர் இடம்

அண்ணிக்கு இது நிறைமாதம். குழந்தை வரப்போகும் வீட்டில் ஆமை வேண்டாம், கிருமி தொற்றும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேற்றெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அண்ணன், இன்று காலை வாளியோடு ஏரிக்குக் கிளம்பினான். நானும் ஒட்டிக்கொண்டேன்.

வாளிக்குள் மேனேஜர். காதோரம் சிவப்புக் கோடு ஓடும் ஆமை. கடையில் வாங்கியபோது பிஸ்கட் அளவு. இப்போது சாப்பாட்டுத் தட்டை நிறைக்கும். யார் என்ன சொன்னாலும் பதில் பேசாமல் முறைப்பதால் அந்தப் பெயர். அதன் ஓட்டில் அண்ணியின் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தான்.

"இது எதுக்குண்ணா?"

"ஞாயித்துக்கிழமை பாக்க வரும்போது அடையாளம் தெரிய வேணாமா?"

மாலை வகுப்பில் போன வாரம்தான் இதே ஆமையைப் பற்றிப் படித்தோம். வெளியிலிருந்து வந்த இனம். ஏரியில் விட்டால் அங்கேயே பிறந்த ஆமைகளின் இரையையும், வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். என் அரைகுறைப் படிப்பை வைத்து அவன் மனதை நோகடிக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவன் வாளியைச் சாய்க்கப் போனபோதுதான் வாய் திறந்தது.

"வேணாம்ணா. அங்க பாரு."

தண்ணீரில் கிடந்த மரக்கட்டையில் சின்னச் சின்னக் கறுப்பு ஆமைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. படித்ததையெல்லாம் கோவையில்லாமல் கொட்டினேன்.

"இவன் அப்படிப்பட்டவன் இல்லடி."

"கெட்டவன்னு சொல்லல. இவனுக்கும் பசிக்கும்ல? உடம்பும் பெருசுல்ல?"

அண்ணன் கரையில் உட்கார்ந்துவிட்டான். ஓர் ஆமை கட்டையில் ஏற இடமில்லாமல் சறுக்கி விழுந்தது, மறுபடி முயன்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ இவன் எங்கதான் போவான்? வீட்டுலயும் இடமில்ல, இங்கயும் இல்ல."

வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு, அவன் வேலை செய்யும் பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்குப் பின்னால், முன்பு டியூபை முக்கிப் பார்த்த சிமெண்டுத் தொட்டி ஒன்று விரிசலோடு சும்மா கிடக்கிறது. மேனேஜரை அதில் வைத்துக்கொள்ளலாமா என்று கடைக்கார அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மேனேஜரா? சம்பளம் கிம்பளம் கேக்காதே?"

"சாப்பாடு மட்டும்தான்க்கா. அதுவும் நான் போட்டுடுவேன்."

"தொட்டி ஒழுகுமேப்பா."

"ஒழுகுறத அடைக்கிறதுதானேக்கா நம்ம பொழப்பே!"

அக்கா சிரித்துவிட்டுத் தலையாட்டினார். அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சட்டையை விரித்து வாளிக்கு நிழல் பிடித்தேன்.