எலுமிச்சம்பழம் உருண்ட நேரம்

கரமனை அக்ரஹாரத்துக்குள் தாசம்மாள் எப்போதும் கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் நுழைவாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் படித்துத் தேறிய நர்ஸ், ஐம்பது வயது, மார்பில் குத்திய கடிகாரம், கையில் தோல்பை என்று எல்லாம் இருந்தும், கிறிஸ்தவப் பெண் அந்தத் தெருவுக்கு வேதக்காரிதானே. வாசல் பக்கம் அவளுக்கு வழி கிடையாது. அந்தத் தெருவின் குழந்தைகள் மட்டும் இருபது வருஷமாக அவள் கையில்தான் வந்து விழுந்தன.

1941ஆம் வருஷம் மலையாள இடவ மாதத்தில் ஒருநாள் காலை, நீலகண்டையர் வீட்டுப் பேத்தி சரோஜத்துக்கு வலி கண்டு கூப்பிட்டனுப்பினார்கள். அறைக்குள் வந்த தாசம்மாள் முதலில் பார்த்தது வலியில் முனகிய சரோஜத்தை அல்ல. அவள் தலைமாட்டில் இருந்த பித்தளைத் தட்டையும் அதிலிருந்த ஒற்றை எலுமிச்சம்பழத்தையும்தான் பார்த்தாள்.

அந்த வீடுகளில் அது வழக்கம். குழந்தை பூமியில் விழுந்த கணத்தில் உள்ளே இருப்பவர்கள் பழத்தை வாசற்படிக்கு வெளியே உருட்டிவிட வேண்டும். தீட்டு அறைக்குள் ஆண்பிள்ளை எட்டிப் பார்க்க முடியாது; கூடத்தில் காத்திருப்பவர் பழம் உருண்ட நேரத்தைக் குறித்துக்கொள்வார். ஜாதகம் அந்த நேரத்தை வைத்துத்தான்.

இதே அறையில், இருபது வருஷத்துக்கு முன்னால், அனந்தலக்ஷ்மி இந்தச் சரோஜத்தைப் பெற்றாள். தாயில்லாப் பெண், அப்பா நீலகண்டையர் பஞ்சாங்கத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேலைக்காரி வெந்நீரை வாசற்படியில் வைத்துவிட்டு ஒதுங்கிவிட்டாள். உள்ளே தாசம்மாள் ஒருத்திதான். அந்தத் தெருவில் அவள் பார்க்க வந்த முதல் பிரசவம் அதுதான். 'கிறிஸ்தவச்சியை உள்ளே விடுவதா' என்று நாலு நாள் வாக்குவாதம் நடந்த பிறகே கூப்பிட்டிருந்தார்கள்.

குழந்தை கொடி சுற்றிப் பிறந்தது. கொடியை விலக்கியபோது தாசம்மாள் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பத்திரண்டு. பழத்தை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் பாயெல்லாம் ரத்தம். கர்ப்பப்பை இறுகவில்லை, கைக்குப் பிசைந்த மாவாகத் தட்டுப்பட்டது. அப்புறம் ஏது பழம், ஏது நட்சத்திரம்? ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே மறு கையால் குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். குழந்தை பூனைக்குட்டி போல அழுதது. ஓட்டின்மேல் இறங்கிய இடவப்பாதிப் பருவமழையில் அது கூடத்துக்குக் கேட்கவில்லை. கர்ப்பப்பை தேங்காய் மாதிரி இறுகி, ரத்தம் நின்று, பெண்ணுக்கு முகத்தில் உயிர் வந்த பிறகுதான் தட்டு ஞாபகம் வந்தது. பழத்தை உருட்டினாள். அப்போது ஒன்பது ஐம்பத்தாறு.

"குழந்தை விழுந்தது இப்பத்தானே?" என்று நீலகண்டையர் வெளியிலிருந்து கேட்டார்.

உண்மையைச் சொல்ல ஒரு வாய் போதும். ஆனால் 'பழத்தை மறந்துட்டேன்' என்றால், 'அதுக்குத்தான் வேதக்காரி வேண்டாம்னோம்' என்பார்கள். கதவு அன்றோடு சாத்தப்படும். போதாததற்கு நட்சத்திரமாவது மண்ணாங்கட்டியாவது என்ற எண்ணமும் அவளுக்கு இருந்தது. ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திய கர்வமும் கொஞ்சம் இருந்தது.

"ஆமா சாமி" என்றாள்.

அன்று பூசம் முடிந்தது ஒன்பது ஐம்பதுக்கு. பூசத்தில் பிறந்த பெண்ணைத் தாத்தா ஆயில்யத்தில் எழுதினார். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பது ஊரறிந்த வசனம். முதல் பாதத்துக்குத் தோஷமில்லை என்று நீலகண்டையர் சாகும்வரை சொல்லிப் பார்த்தார். மாமியார்களுக்குப் பாதமெல்லாம் கணக்கில்லை. பையனைப் பெற்றவள்தானே ஜாதகத்தைக் கையில் வாங்குகிறாள். தன் உயிரைப் பணயம் வைத்து மருமகள் எடுக்க அவளுக்கென்ன கிறுக்கா? பாட்டும் படிப்புமாக இருந்த சரோஜத்தை ஒன்பது வீடுகள் வேண்டாமென்றன. தெருவில் அவளுக்கு 'ஆயில்யம்' என்றே பேர் விழுந்தது.

தாசம்மாள் ஒவ்வொரு பிரசவத்துக்கு வரும்போதும் இதைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று போனாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே பிள்ளைக்குப் பேச்சு வருமுன்னே, பேச வேண்டியவள் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் சரோஜத்துக்குப் பத்தொன்பதாம் வயதில் ஆலப்புழையில் ஒரு வரன் குதிர்ந்தது. நாற்பத்தாறு வயது, மூத்த தாரத்துக்கு மூன்று குழந்தைகள். ஒரே விசேஷம், வரனின் தாயார் காலமாகிவிட்டாள்.

இப்போது அந்தச் சரோஜத்தின் தலைப்பிரசவம்.

"பயப்படாண்டாம் மக்களே, முக்காண்டாம், மூச்ச விடு" என்றாள் தாசம்மாள். அனந்தலக்ஷ்மி யாரையும் கேட்காமல் தானே உள்ளே வந்து மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பதினொன்று இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாசம்மாள் வாயைத் திறக்குமுன் அனந்தலக்ஷ்மி பழத்தை வாசலுக்கு உருட்டினாள். கூடத்திலிருந்த அவள் புருஷன் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொடி அறுத்து, நஞ்சு விழுந்து, குழந்தையைத் துடைத்துக் கிடத்தியாயிற்று. பிறகு ஒரு மணி நேரம் தாயின் வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பது தாசம்மாளின் முறை. சரோஜம் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

இனியும் அடக்க முடியாது என்று தாசம்மாளுக்குத் தோன்றியது.

"அம்மா, உங்க பிரசவத்தன்னைக்குப் பழத்த நான்..."

"தெரியும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

தாசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பழம் என் தலைமாட்டுலேயேன்னா இருந்தது? கொழந்தை அழுதுண்டே இருந்தது, பழம் அசையலை. நான் பாத்துண்டேதான் கெடந்தேன்."

"பின்ன ஏன் சாமிகிட்ட சொல்லல்ல?"

"அரை மயக்கத்துல கெடந்தவ பேச்சை அப்பா கேப்பாரா? நீங்களே சொல்லுவேள்னு இருந்தேன். நீங்க ஆமாம்னுட்டேள். அப்புறம் நான் சொன்னா உங்களைப் பொய்யாக்கணும். என் உயிரைக் காப்பாத்தினவாளை எப்படிக் காட்டிக் குடுப்பேன்? நாளைக்கு எதிராத்துப் பொண்ணுக்கு வலி கண்டா யாரைக் கூப்பிடுவா? நல்லதுன்னு நெனச்சுத்தான் வாயை மூடிண்டேன்."

"நீங்க சொல்லியிருந்தா நான் மறுத்திருக்க மாட்டேன் அம்மா. சத்தியமா மறுத்திருக்க மாட்டேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்?" என்று அனந்தலக்ஷ்மி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இப்பப் பேசி என்ன? கண் கெட்டப்பறம் சூரிய நமஸ்காரம்."

ஒருத்தி தன் பிழைப்புக்குப் பயந்தாள், இன்னொருத்தி நன்றிக்குக் கட்டுப்பட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை போயிற்று. பதினாலு நிமிஷத்தில் அது போகவில்லை. இருபது வருஷமாகத் தினம் ஒருநாளாகப் போயிற்று.

"அப்போ நான் பூசமா?"

சரோஜம் கண்ணைத் திறந்திருந்தாள். கேள்வியில் கோபமில்லை. சின்னக் குழந்தை தன் பேரைக் கேட்பது போலக் கேட்டாள்.

அனந்தலக்ஷ்மி முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. தாசம்மாள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமா மக்களே. பூசம்தான்."

சரோஜம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையில் அவள் வயிறு குலுங்குவது தாசம்மாளின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அதற்கடியில் கர்ப்பப்பை நன்றாக இறுகியிருந்தது, ரத்தம் ஒழுங்காக இருந்தது, நர்ஸ் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. அந்த ஒரு மணி நேரம் முடியும்வரை அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.