பச்சை நூல் கட்டிய முள்

எங்கள் வீட்டில் சோப்பு சீக்கிரம் கரைகிறது என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கரைப்பது யார் என்று எனக்குத் தெரியும். வேலை விட்டு வந்ததும் அக்கா நேராகக் குழாயடிக்குத்தான் போவாள். முதலில் இரண்டு கையையும் கழுவுவாள். அப்புறம் இடது கையை மட்டும். அப்புறம் இடது கட்டைவிரலை மட்டும், தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்ப்பாள்.

"மீன் நாத்தம் இன்னுமா போகல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எப்பவோ போயிடுச்சு" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருஷம். எனக்குப் புரியவில்லை. வேதியியல் பட்டம் வாங்கி, எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக அதைச் சட்டம் போட்டு மாட்டி, அக்கா வேலை பார்க்கும் அதே படகு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் சேர்ந்து, இரண்டாம் நாள் முள்ளறைக்குள் கால் வைத்தபோது புரிந்தது.

கம்பெனிக்கு ஐந்து படகுகள். ஒரே நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கில் தூண்டில் முள் கட்டிக் கடலில் இறக்குவார்கள். படகு திரும்பியதும் அந்த முள்ளெல்லாம் வாளி வாளியாகக் கழற்றிக் கரைக்கு வரும். அவற்றைத் தேய்த்துக் கூராக்கும் இடம்தான் முள்ளறை. தகரம் அடித்த நீள மேஜை, ஆறு பெண்கள், ஒரே ஒரு ஜன்னல், அதிலும் கண்ணாடி திறக்காது. வாளியில் முள் மட்டும் வராது. இரைக்காகக் குத்திய கணவாய் மீன் துண்டு அழுகிக் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வரும். சில முள்ளில் மீனின் உதடு அப்படியே இருக்கும். முதல் வாளியைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அது பழகிவிட்டது. பழகாதது வேறு.

முள் கூராக இருக்கிறதா என்று பார்க்க எல்லாப் படகுக்காரர்களும் செய்வது ஒன்றுதான். கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்து, அழுத்தாமல் லேசாக இழுக்க வேண்டும். நகத்தைக் கவ்விக் கோடு போட்டால் கூர். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கல். செலவில்லாத சோதனை. யாரும் அவரவர் நகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் முள்ளறையில் மட்டும் சூப்பர்வைசர் பார்ப்பார். அவர் நகத்தில் இல்லை. முள்ளைத் தேய்த்தவள் நகத்தில்.

"யாரு தேச்சாங்களோ அவங்க நகத்துலதான் பாக்கணும். அப்பத்தான் பொறுப்பு வரும்" என்பது அவர் சட்டம். வாளியிலிருந்து ஒரு முள்ளை எடுப்பார். அக்காவின் இடது கையை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். மற்ற நான்கு விரல்களையும் மடக்கிப் பிடிப்பார். அவர் சுண்டுவிரல் நகம் மட்டும் அரை அங்குலம் நீளம். அதை வைத்துக் காது குடைவார், குடைந்ததை ஒருமுறை உற்றுப் பார்ப்பார், சட்டையில் துடைப்பார். அந்தக் கைதான். அக்காவின் நகத்தில் முள்ளை வைத்து மெதுவாக இழுப்பார். இழுக்கும்போது முள்ளைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்ப்பார்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், "மழுங்கல். வாளி பூரா திரும்பத் தேய்." கையை அப்படியே விட்டுவைத்தால், "ம், கூரா இருக்கு." ஒரு வாளியைத் திரும்பத் தேய்க்க அரை நாள் ஆகும். ஆறு பெண்களும் கையை விட்டுவைக்கப் பழகியிருந்தார்கள்.

அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் நகவெட்டி. எனக்கு டிகிரி.

"ஏன்கா யார்கிட்டயும் சொல்லல?" என்று அன்று குழாயடியில் நின்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? நகத்தைப் பிடிச்சாருன்னா? அதுதானம்மா அவர் வேலைம்பாங்க. உனக்கென்ன, நீ நோட்டு எழுதற கை. யாரும் தொட மாட்டாங்க."

உறைத்தது. என் நகம் சுத்தமாகத்தான் இருந்தது.

நான் சேர்ந்து நாலாவது மாதம் கேப்டன் ஒருவர் முதலாளியின் அறையில் போய்க் கத்தினார். கடித்த மீனில் பாதி நழுவிப் போகிறதாம், முள் மழுங்கலாம். சூப்பர்வைசர் கொஞ்சமும் அசரவில்லை. "பொம்பளைங்க கை சார், அசந்துபோகுது. சாணை மெஷின் வாங்கிட்டா பிரச்சனையே இல்ல. என் மச்சினனே விக்கிறான்" என்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். என்னென்ன கருவி உண்டோ பார்த்து, எது நல்லது என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். "படிச்ச பொண்ணு எழுதினா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க" என்றார். எது எழுத வேண்டும் என்பதை அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

எழுதித் தொலைத்திருக்கலாம். ஆனால் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது: சோதிக்கும் முறை. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கருவியை வாங்கினாலும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும். மெஷின் வந்தாலும் நகம் அக்காவுடையதுதான்.

மூன்று கருவிகளை மேஜையில் வைத்துப் பார்த்தேன். முதலாவது சாணைக்கல், நடுவில் முள் உட்காரும்படி ஒரு பள்ளம். நன்றாகத்தான் கூராகிறது, ஆனால் ஒரு முள்ளுக்குள் விடிந்துவிடும். கணவாய்க் கொழுப்பு பள்ளத்தில் அடைத்துக்கொண்டு அதுவே ஒரு தனி நாற்றம். இரண்டாவது மூன்று பட்டை அரம். முள்ளின் உள்பக்கம் இரண்டு இழுப்பு, பக்கத்துக்கு ஒன்று, எல்லாம் முனையை நோக்கி. துருவும் கசடும் ஏறினால் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். மூன்றாவது அந்த மச்சினனின் மெஷின். ஸ்விட்சைப் போட்டால் பொறி பறந்தது. ஒட்டியிருந்த கணவாய் கருகி, முடி எரிகிற நாற்றம் அறை முழுக்கச் சுற்றியது. இரண்டே நொடியில் முள் பளபளத்தது, முனை மட்டும் நீலமாக.

"முனை சூடேறி நீலமாயிடுச்சு. இரும்போட பதம் போயிடுச்சு, வளையும்" என்றேன்.

"நீலம் அழகா இல்லையாம்மா?" என்றார் மச்சினன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

விரலால் முனையைத் தள்ளினேன். வளைந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். "நாளைக்கு முதலாளியும் கேப்டனும் வர்றாங்க. கல்லுல தேச்சதுக்கு வெள்ளை நூல், அரத்துக்குச் சிவப்பு, மெஷினுக்குக் கறுப்பு கட்டி வைக்கப் போறேன். நாலாவதா பச்சை நூல்ல ஒண்ணு. அது தேய்க்காதது. வாளில இருந்து எடுத்துக் கழுவினது. அந்தாளுக்கு முள்ளே பாக்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அக்கா பிரஷ்ஷை நிறுத்தினாள். "என் நகத்துலதான் பாப்பாரு."

"ஆமா. வேணாம்னா சொல்லு, வேற வழி பாக்கறேன்."

"பச்சைதானே?"

"பச்சை."

"சரி. எப்ப கையை இழுக்கணும்னு நான் பாத்துக்கறேன். நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அதுதான் உன்னால முடியாது."

மறுநாள் முதலாளி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு முள்ளறைக்குள் வந்தார். அவர் இந்த அறைக்குள் வந்தே வருஷக்கணக்காகிறதாம். இங்கே தேய்க்கிற முள்ளில்தான் அவர் வீடு நிற்கிறது, நாற்றம் மட்டும் எங்களுடையது. கேப்டன் ஒரு பழைய முள்ளால் பல் குத்திக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குத்தி எடுத்ததைத் தரையில் துப்பினார். நாங்கள் கூட்டிய தரை.

"என்ன டிகிரி மேடம், கலர் கலரா நூல் கட்டிருக்கீங்க, கல்யாணமா?" என்றார் சூப்பர்வைசர். ஆண்கள் மூவரும் சிரித்தார்கள்.

"எது எந்தக் கருவின்னு தெரியாம பாக்கணும் சார். நூல் வெறும் அடையாளம்தான். எது கூர், எது மழுங்கல்னு மட்டும் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"இருபது வருஷம் ஆச்சு. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்." அக்கா பக்கம் திரும்பினார். "வாம்மா. கையைக் குடு."

அக்கா கொடுத்தாள். அவர் நான்கு விரலையும் மடக்கிப் பிடித்தார். முதலாளி எதிரிலும் அப்படித்தான் பிடித்தார். யாரும் எதுவும் நினைக்கவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகிய கணவாய் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

வெள்ளை நூல். நகத்தில் வைத்து இழுத்தார். அக்கா கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"மழுங்கல்" என்றார்.

சிவப்பு நூல். அரத்தில் அக்காவே தேய்த்தது. கிறீச் என்று நகத்தைக் கவ்வியது எனக்கே கேட்டது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைப் பிடுங்கினாள்.

"சுத்த மழுங்கல். அரமெல்லாம் ஆவறதில்ல சார், நான்தான் சொன்னேனே."

கறுப்பு நூல். அக்கா கையைக் கொஞ்சம் நெளித்தாள், இழுக்கவில்லை. "பரவால்ல. கூர்தான்." மெஷினில் தேய்த்த முள்ளின் முனை நீலமாக இருக்கும் என்று மச்சினன் முந்தினநாளே அவர் காதில் போட்டிருப்பார் என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

பச்சை நூல். அக்கா கையை அப்படியே அவர் உள்ளங்கையில் விட்டாள். பூ வைத்த மாதிரி. நான் வந்ததிலிருந்து அவள் முகம் அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை. லேசாகச் சிரித்தாள்கூட. முள் நகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் முள்ளைப் பார்க்கவே இல்லை.

"இதுதான் சார் கூர்" என்றார், குரலே கொஞ்சம் கரகரத்தது. "நம்பர் ஒன். இதுக்கு மேல கூரே கிடையாது."

நான் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு நான்கு முள்ளையும் கேப்டனிடம் நீட்டினேன். "நீங்களும் ஒருதடவை பாத்துடுங்க சார்."

கேப்டன் பல் குத்துவதை நிறுத்திவிட்டு வாங்கினார். தன் கட்டைவிரலை நீட்டினார். அந்த நகம் கீறலுக்கு மேல் கீறலாக, மீன் வெட்டும் பலகை மாதிரி இருந்தது. வெள்ளை, கவ்வியது. சிவப்பு, கவ்வியது, மறுபடியும் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். கறுப்பு, முனை மடங்கிக்கொண்டது. பச்சை, வழுக்கியது. இன்னொரு முறை. வழுக்கியது.

"இதுவா கூரு? இதுல குத்தினா கணவாயே இறங்காது."

"அது தேய்க்கவே இல்ல சார். வாளில இருந்து எடுத்தது" என்றேன்.

சூப்பர்வைசர் அப்போதும் அக்காவின் கையை விட்டிருக்கவில்லை. கேப்டன் எழுந்து போய் அவருடைய இடது கையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

கட்டைவிரல் நகம் வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. வலது கையையும் பார்த்தார். அதிலும் இல்லை.

"இருபது வருஷமா முள்ளு பாக்கற ஆளுக்கு நகத்துல ஒரு கீறல்கூடவா இருக்காது?"

"என்னய்யா பாத்துக்கிட்டிருந்தே இத்தனை வருஷமா?" என்றார் முதலாளி.

மேஜையின் கடைசியில் எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே தேய்க்கும் பெண் ஒருத்தி உண்டு. பாட்டுக்காரி என்போம். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அவரு முள்ளைப் பாக்கல சார்."

"வேற எதைப் பாத்தாரு?"

என்னை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்ன அக்காதான் பேசினாள். "கையைப் பிடிச்சுக்கிட்டு எங்க மூஞ்சியைப் பாத்தாரு சார். இழுத்துக்கிட்டா மழுங்கல். விட்டு வச்சா கூர்."

முதலாளிக்குப் புரிந்தது. கண்ணில் தெரிந்தது. ஒரு நொடி தரையைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைத் திரும்ப மூக்கில் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல முள்ளு விஷயத்தை முடிப்போம்."

முடித்தார்கள். எத்தனை வாளி மழுங்கல் முள் கடலுக்குப் போயிருக்கும், எவ்வளவு மீன் நழுவியிருக்கும் என்று கேப்டன் கத்தினார். முதலாளி சூப்பர்வைசரைக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார். எல்லாம் மீனைப் பற்றி. அந்த ஆளை அன்றே ஐஸ் அறைக்கு மாற்றினார்கள். அங்கே கட்டி கட்டியாக ஐஸும் அதைத் தூக்கும் ஆண்களும்தான். மச்சினன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு பெண்களின் கையை இத்தனை காலம் பிடித்ததற்காக சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் பார்க்கத் தெரியாததற்காகத்தான் ஆனது. அப்புறம் பேசிக்கலாம் என்ற அந்த அப்புறம் வரவேயில்லை. நானாக இரண்டு முறை முதலாளியிடம் போய்க் கேட்டேன். "அதான் ஆளை மாத்தியாச்சே" என்றார். ஒரு மீன் நழுவினால் அலறுகிற அறையில் ஒரு பெண்ணின் கைக்கு அவ்வளவுதான் எடை.

படிவத்தை அன்று மாலையே எழுதினேன். தேர்ந்தெடுத்த கருவி: மூன்று பட்டை அரம், ஆளுக்கு ஒன்று. காரணம் என்ற கட்டத்தில் நிஜக் காரணத்தை எழுதி, அடித்துவிட்டு, முனை சூடேறாது, வேகம் போதும், கழுவ எளிது என்று எழுதினேன். அடித்தது கீழே தெரியத்தான் செய்தது. தெரியட்டும் என்று விட்டேன். சோதிக்கும் முறை என்ற கட்டத்தில் எழுதினேன்: அவரவர் நகத்தில், அவரவரே.

முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதை நகல் எடுத்து முள்ளறைச் சுவரில் ஒட்டினேன். பாட்டுக்காரி அதன் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, பச்சை நூல் கட்டிய முள்ளைத் தொங்கவிட்டாள். "இதுக்கு மேல கூரே கிடையாது" என்று அதைக் காட்டி யாராவது சொன்னால் ஆறு பேரும் சிரிப்பார்கள்.

படிவம் எழுதிய அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா குழாயடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள், உதறினாள், துண்டை எடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"மீன் நாத்தம்தானேடி" என்றாள். "தானா போகும்."