அட்டை இல்லாத கூண்டு

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். அவள் கிடங்கில் பன்னிரண்டு வருடமாகச் சுமை தூக்குகிறவள். நான் மூன்று வருடம் தூக்கிவிட்டு, இடுப்பு வலியைச் சாக்குச் சொல்லி எழுத வந்தவன்.

முதல் தொடக்கம் இப்படி: 'கிடங்கின் மர்ம இருளில் ஓர் உருவம்...'

[அடித்துவிட்டேன். கிடங்கில் ஏது இருள்? நாற்பது குழல்விளக்கு எரியும்.]

சரக்கு, சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளில் வரும். உள்ளே சோப்பா, கண்ணாடியா, ஆசிட்டா என்பதை வெளியே தொங்கும் அட்டை சொல்லும். அட்டை விழுந்துபோன கூண்டுக்குத் தனி விதி: பெட்டிகளை எண்ணலாம், தள்ளலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக எதையும் உள்ளே வைக்கக் கூடாது. என்ன இருக்கிறதென்றே தெரியாத இடத்தில் எதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

2

அன்று லாரியில் கடைசியாக ஒரு கூண்டுக்குத்தான் இடம்; அது அட்டை விழுந்துபோன கூண்டு. ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டை மட்டும் மிச்சம்.

"அட்டை இல்லாத கூண்டுல மேல இடம் இருக்குல்ல, அதுல போடு" என்றார் சூப்பர்வைசர்.

"அதுல என்ன இருக்குன்னு தெரியாது சார்" என்றாள் அக்கா.

"பெட்டி இருக்கு. கண்ணு தெரியலயா?"

"பெட்டி தெரியுது. பெட்டிக்குள்ள? ஆசிட்டா இருந்து இதோட கலந்துச்சுன்னா மூச்சே நின்னுரும்."

"சோப்பா இருந்தா?"

"குளிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்."

(இங்கே சூப்பர்வைசரைக் கொடியவராக்க ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவரையும் ஒருவர் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.)

அவரே மூட்டையைத் தூக்கிக் கூண்டில் போட்டு, கூண்டை லாரிக்குள் தள்ளினார். உள்ளே அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா. வழியெல்லாம் கூண்டுகள் உருளாமல் பிடித்துக்கொண்டு லாரிக்குள்ளேயே போக வேண்டியவர். கதவை வெளியே தாழிட்டால் இரண்டு மணி நேரத்துக்குத் திறக்க மாட்டார்கள்.

"விடு" என்றார் மாமா. "நாளைக்கும் இங்கதான வேலைக்கு வரணும்."

3

முடிவு ஒன்று: சோப்பு. எல்லோரும் சிரித்தார்கள். [இதில் அக்கா பைத்தியக்காரியாகத் தெரிகிறாள். வேண்டாம்.]

முடிவு இரண்டு: ஆசிட். கதவைத் திறந்தபோது மாமாவின் முகம்

[இதற்கு மேல் கை ஓடவில்லை. அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.]

நிஜத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். சோப்பு என்றால் சூப்பர்வைசர் செய்தது சரி என்பீர்கள், ஆசிட் என்றால் அக்கா அறிவாளி என்பீர்கள். அந்த நிமிடத்தில் இரண்டுமே யாருக்கும் தெரியாது.

4

அக்கா லாரிக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்களும் பின்னால ஏறிக்கோங்க. வெறும் பெட்டிதான?"

அவர் அவளைப் பார்க்கிறார். ஒரு காலைப் படியில் வைக்கிறார். மறுகால் இன்னும் தரையில். போன் அடிக்கிறது. உள்ளே மாமா இருமுகிறார். தூசியாகக்கூட இருக்கலாம்.

நீங்கள் சொல்லுங்கள், கதவைச் சாத்தட்டுமா?