மாமியாருக்கு இரண்டு வேளைத் தீனி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வரட்டுமே. வர வேண்டிய இடத்தில் வந்தால் என்ன தப்பு? என் ஓர்ப்படியோடு நான்கு மாதம் நான் பேசாமல் இருந்ததும் வர வேண்டிய இடத்தில் வந்த கோபம்தான்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டவர்கள் நாங்கள். அந்தப் பக்கம் கணவரின் அண்ணன் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். கொல்லைக்கு மட்டும் சுவர் கிடையாது. இரண்டு சமையலறைகளின் பின்கதவும் அதில்தான் திறக்கும். அங்கே நானும் அக்காவும் (ஓர்ப்படியை அப்படித்தான் கூப்பிடுவேன்) சேர்ந்து பெரிய இனக் கோழி வளர்த்தோம். ஏழு பெட்டை, ஒரு சேவல். ஒவ்வொன்றும் தலையணை பருமன், காலில்கூட இறகு. முட்டையிடவே எட்டு மாதம் காக்க வைத்தன. எதையும் அவசரப்பட்டுச் செய்கிற பழக்கம் அதுகளுக்கு இல்லை, சாப்பாட்டைத் தவிர.

இருப்பதிலேயே பெரிய பெட்டைக்கு 'மாமியார்' என்று பேர் வைத்தோம். எங்கள் இருவருக்கும் மாமியாராக இருந்தவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வைத்தோம், அந்த அளவுக்கு மரியாதை தெரியும். கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அடுப்படியை எட்டிப் பார்க்கிற பார்வை அப்படியே அவருடையது. அண்ணன் தம்பி இருவரும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர்கள் வாயிலும் அந்தப் பேரே வந்துவிட்டது.

அந்த மாமியார் ஒருநாள் அடை உட்கார்ந்தது. பெரிய இனத்தில் இது ஒரு தொல்லை. உட்காருகிற கனத்தில் முட்டை உடைந்துவிடும். மூன்று உடைந்து கூடெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. நான் அதை இரண்டு கையாலும் தூக்கி வெளியே விட்டேன். துணி காயப்போட வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"விடுடி அதை. ஆசையா உட்கார்ந்திருக்கு. அந்த அருமை உனக்கு என்ன தெரியும்?"

எனக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் நிலைக்கவில்லை. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் விடியும்வரை என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் இதே அக்காதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சொன்னது அவள் என்பதால்தான் அவ்வளவு வலித்தது.

கடைசியில், "இனிமே உங்க கோழி பக்கமே நான் வரல. நீங்களே பாத்துக்கோங்க," என்றேன்.

"எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா? நீயே வச்சுக்கோ," என்று அவளும் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, எட்டுக் கோழிகளும் ஒரே நொடியில் அனாதையாகிவிட்டன.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பின்கதவைத் திறந்தால் எட்டும் குடுகுடுவென்று ஓடி வருகின்றன. பட்டினி போட்டிருக்கிறாள் பாவி என்று எனக்கு வயிறு எரிந்தது. மனுஷி மேல் கோபம் என்றால் வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? சத்தம் காட்டாமல் இரண்டு படி மக்காச்சோளம் அள்ளிப் போட்டேன். அதன் பிறகு தினமும் போட்டேன். தீனி மூட்டையை என் சமையலறையிலேயே ஒளித்து வைத்தேன். பிறகு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போய்விடுவேன், சாயங்காலம்தான் வருவேன். தினமும் அதே ஓட்டம், அதே பசி. அக்காவின் கல்நெஞ்சை நினைத்து நினைத்து ஆறாமல் போனது எனக்கு.

முட்டையும் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றே போனது. பகலில் வீட்டில் இருக்கிறவள் எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். தீனி போட மனமில்லை, முட்டைக்கு மட்டும் கை நீளுகிறதாக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு கோழிகள்தான் ஓடி வந்தன. மாமியார் கூட்டுக்குக் கீழே இறக்கையை விரித்துக் கிடந்தது. கொண்டை வெளுத்திருந்தது. தூக்கி நிறுத்தினால் கால் மடங்குகிறது. நான் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. அக்கா ஓடி வந்து குந்தி அதன் காலைத் தடவினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். ஸ்கூட்டர் ஓட்ட எனக்குத்தான் தெரியும். ஓட்டிக்கொண்டே அந்தப் பாரத்தைப் பிடிக்க யாராலும் முடியாது. வேறு வழியில்லாமல் அக்கா கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

பேச மாட்டோமே, என்ன செய்வது?

"மாமியாரே, வேகத்தடை வருது. பின்னாடி இருக்கறவங்கள இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லு."

"மாமியாரே, பள்ளம் மேடு பாத்து ஓட்டச் சொல்லு. அவங்களுக்கு என்ன, உனக்குல்ல வலிக்கும்?"

சிக்னலில் பக்கத்தில் நின்ற காய்கறிக்காரர் துண்டுக்குள்ளிருந்து நீட்டிய தலையைப் பார்த்துவிட்டு எங்களையும் ஒரு மாதிரி பார்த்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலிருந்தவளுக்கும் வந்திருக்க வேண்டும், முதுகில் அந்தக் குலுங்கல் தெரிந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோட்டைத் திறந்தார்.

"பேரு?"

"மாமியார்," என்றோம் இருவரும்.

"யாரோட மாமியார்?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அவர் மேலே கேட்கவில்லை. கோழியைத் தராசில் வைத்தார். ஆறரைக் கிலோ. பாதத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவில் கறுப்பாகப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம்.

"ராத்திரி தூங்கற உயரமான கட்டையில இருந்து தினம் குதிச்சிருக்கு. இந்த எடைக்கு ஒரு அடிக்கு மேல கட்டையே வைக்கக் கூடாது. சரி, அதுக்கு மருந்து இருக்கு. உள்ள இருக்கிற கொழுப்புதான் எனக்கு பயமா இருக்கு. ஈரல் கெட்டிருக்கும்னு நினைக்கிறேன். முட்டை போட்டு எத்தனை நாளாச்சு?"

"அவங்கதான் எடுக்கறாங்க, எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன் நான். அதே நேரத்தில் அக்காவும் அதையேதான் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தீனி யாரு போடறது?"

"நான்தான்," என்றேன்.

"நான்தான்," என்றாள் அக்கா.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். நான்கு மாதத்தில் அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன்.

"காலையில ஆறு மணிக்கு..." என்று இழுத்தேன்.

"நீ வேலைக்குப் போனதும், பதினோரு மணிக்கு..." என்றாள் அவள். "என்னப் பாத்ததும் ஓடி வருங்க. பட்டினியா கெடக்குன்னு நினைச்சேன்."

"இதுங்க யாரப் பாத்தாலும் ஓடி வரும்மா," என்றார் டாக்டரம்மா. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?"

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. தெரிந்தே ஒரு உயிரைப் பட்டினி போடுகிறவள் என்று அவளை நினைத்திருக்கிறேன். அவளும் என்னை அப்படியேதான் நினைத்திருக்கிறாள். எங்கள் ரோஷத்தைத் தின்று தின்றுதான் அந்தக் கோழி ஆறரைக் கிலோ ஆகியிருந்தது.

தினம் இரண்டு முறை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்து மருந்து தடவ வேண்டும். ஒருத்தி தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருத்தி தடவ முடியும். மூன்று நாள் செய்தோம், அவள் சமையலறையில், கோழியைப் படுக்க வைத்திருந்த துணிக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மருந்தைப் பற்றியும் வெந்நீரின் சூட்டைப் பற்றியும் பேசினோம். பேச வேண்டியதை மட்டும் இருவருமே பேசவில்லை. இது எழுந்து நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடையைப் போய்ப் பார்த்தேன்.

நான்காம் நாள் கடைக்கு லீவு போட்டேன். மத்தியானம் அக்கா அதை மடியில் வைத்திருக்க, நான் பாதத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் ஒருமுறை கழுத்தை நீட்டியது. இறக்கை விறைத்து, பிறகு தளர்ந்தது. கையில் பிடித்திருந்த கால் கனத்துப் போனதிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா வாய்விட்டு அழுதாள். மடியில் கிடந்ததைத் தடவித் தடவி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் என் புத்தி எங்கே போகும், கோபம் முந்திக்கொண்டது.

"கோழிக்கு இப்படி அழறீங்க. நாலு மாசம் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான இருந்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே உங்களுக்கு?"

அவள் கண்ணைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள்.

"சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சுடி, என்ன சொல்லித் தொலைச்சேன்னு. அன்னைக்கே உன் கதவு வரைக்கும் வந்தேன். தட்டக் கை வரல. மறுநாளும் வந்தேன். அப்புறம் நாள் ஆக ஆக வெக்கமாப் போச்சு. உன்னயே வச்சுக்கச் சொன்ன கோழியாச்சே, அதையாவது வாடாம பாத்துக்கலாம்னு நினைச்சேன். உன் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு கை கூடவே போட்டேன். உன்கிட்ட கேட்க வேண்டிய மன்னிப்பயெல்லாம் இதுக்குத் தின்னக் கொடுத்துட்டேன்."

நான்கு மாதமாக மனதுக்குள் எத்தனையோ பேசி வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் சுருக்கென்று தைக்கிற மாதிரி. அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எங்கள் இருவர் மடியிலுமாக அது கிடந்தது, இன்னும் சூடு ஆறாமல்.

கொய்யா மரத்தடியில் இருவரும் மாறி மாறிக் குழி தோண்டிப் புதைத்தோம். மண்வெட்டிச் சத்தம் கேட்டு மிச்ச ஏழும் ஓடி வந்து காலைச் சுற்றி நின்றன. அன்று அதுகளுக்கு யாரும் தீனி போட்டிருக்கவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

அக்கா உள்ளே போய்க் கை நிறையச் சோளத்தோடு வந்தாள். சரியா என்பதுபோல் என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"இது போதும்கா," என்றேன்.

அவள் அதில் பாதியை என் கையில் கொட்டினாள்.