இரண்டாம் தொட்டியின் சாவி

என்னைப் போன்ற அவசரக்குடுக்கையை நம்பி இரண்டு வருட ஆராய்ச்சியை ஒப்படைத்தாளே, என் தங்கையைத்தான் சொல்ல வேண்டும்.

அவள் கால்நடை மருத்துவர். யூகலிப்டஸ், புதினா, ஓமம் மூன்றிலிருந்தும் எடுத்த எண்ணெயைக் குடிதண்ணீரில் கலந்தால் பிராய்லர் கோழிகளுக்குச் சளிநோய் வராது என்பது அவள் கட்சி. என்னிடம் இரண்டு கொட்டகைகள் உண்டு. முதலாவதுக்கு எண்ணெய், இரண்டாவதுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதில் தும்மல் இருபதைத் தொட்டால் வைத்தியம் செய்யலாம், அதுவரை கை வைக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

தும்மலை எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளே நின்று ஒரு விசில் அடித்தால் அத்தனை கோழியும் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதியில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை அவளே வந்து எண்ணுவாள். நான் சும்மா இருந்திருக்கலாம். தினமும் எண்ணித் தொலைத்தேன்.

மூன்றாவது வாரம் இரண்டாம் கொட்டகையில் எட்டு. மறுநாள் பன்னிரண்டு. எண்ணெய் கேனோ பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. மனசு கேட்குமா? இரண்டாம் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியில் தினம் இரண்டு மூடி வீதம் நான்கு நாள் ஊற்றினேன்.

தங்கை வந்து எண்ணினாள். முதலாவதில் இரண்டு தும்மல், இரண்டாவதிலும் இரண்டு. அவள் முகம் செத்துவிட்டது. எண்ணெய் இல்லாமலே நன்றாக இருக்கிறதே, பிரயோஜனமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று நோட்டை மூடினாள். நான் திருட்டு முழி முழித்தேன். பிறகு ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னும் ஒரே ஒரு பேட்ச் பாக்கத்தான் எனக்கு அனுமதி இருக்குண்ணா. மறுபடியும் தும்மினா என்ன பண்ணுவே?"

"ஊத்திடுவேம்மா" என்றேன். அவளிடம் எனக்குப் பொய் வராது.

அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கிய அன்றே நான் ஒரு பூட்டு வாங்கி இரண்டாம் தொட்டியைப் பூட்டினேன். சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் வந்தாள். முதலாவதில் மூன்று. இரண்டாவதில் பத்தொன்பது. அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மூலையில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"இருபதுன்னு எழுதிக்கிட்டா யாருக்குண்ணா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேம்மா. சாவியை உள்ள வை."

அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து விசில் அடித்தாள். நான் விரல் விட்டு எண்ணினேன். இருபத்திரண்டு.

"அப்பாடா" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். நோட்டில் எழுதிவிட்டுத்தான் பூட்டைத் திறந்தாள்.